மேப்பும் கையுமா ஒரு மனுஷன்

(மெக்சிகோல கான்கூனுக்குத் தெற்கால, கடலோரமா இருக்கற ஷ்காரெட் பார்க். பூமிக்கு அடியில ஓடற ஆத்துக்கு இறங்கற படிக்கட்டு.)

மனைவி: என்னங்க, பசங்க லைஃப் ஜாக்கெட் மாட்டி தண்ணில இறங்கியாச்சு, நீங்க இன்னும் மேப்பையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க?

கணவன்: இல்லம்மா, வாசல்லயே நம்ம சன்ஸ்கிரீன வாங்கி வெச்சுக்கிட்டாங்கல்ல, அந்த கெமிக்கல் மீனுக்கும் பவளப்பாறைக்கும் ஆகாதுன்னு, நியாயந்தான், ஆனா அது இல்லாம இந்த வெயில்ல இறங்கினா தோலு என்னத்துக்காகும்?

மனைவி: பூமிக்கு அடியில ஏதுங்க வெயிலு?

கணவன்: அதான் பயமே... பயம் இல்ல, கவலை. இந்த யுகடான் பக்கம் பூரா சுண்ணாம்புக்கல்லு, மழைத்தண்ணி அத கரைச்சு கரைச்சு உள்ள போய்த்தான் இந்த ஆறே உண்டாச்சு. கரையற கல்லுக்கு அடியில குடும்பத்தோட போகலாமா சொல்லு?

மனைவி: எந்தக் காலத்துலேர்ந்தோ கரையறது, நீங்க இறங்கற நேரம் பாத்து தலைல விழப்போகுதாக்கும்.

கணவன்: சரி அத விடு, நாம வந்ததே கல்ச்சர் பாக்கத்தான். இங்கத்த பழங்குடி மாயா ஜனங்களோட பந்து விளையாட்டு இருக்கே, கையால தொடக்கூடாதாம், கெட்டி ரப்பர் பந்த இடுப்பாலயே அடிக்கணுமாம்!

மனைவி: அது ராத்திரி ஷோல காட்டுவாங்க. சூட்கேஸ் தூக்கினதுக்கே நேத்து பூரா உங்க இடுப்புக்கு தைலம் தேய்ச்சவ நானு.

கணவன்: அப்ப அந்த கம்பத்துக்காரங்கள பாப்போம். உசந்த கம்பத்து உச்சியில ஒருத்தர் உக்காந்து புல்லாங்குழலும் மேளமும் வாசிக்க, நாலு பேர் கயித்துல தலைகீழா சுத்திக்கிட்டே இறங்குவாங்க, ஆளுக்கு 13 சுத்து, மொத்தம் 52, எல்லாம் அவங்க பழைய காலண்டர் கணக்கு, யுனெஸ்கோவே 2009ல பண்பாட்டுப் பாரம்பரிய லிஸ்ட்ல சேத்துருச்சு, அத போய் மிஸ் பண்ணுவாங்களா?

மனைவி: அவங்க அவ்ளோ உசரத்துலேர்ந்து தலைகீழா வராங்க, உங்களுக்கு ஜாக்கெட் போட்டு மிதக்கறதுக்கே இந்தப் பாடு.

கணவன்: யாருக்கு? சின்ன வயசுல நான் கிணத்துல...

மனைவி: படியில உக்காந்து சொம்புல மொண்டு ஊத்திக்கிட்டீங்க. அத்தை சொல்லிட்டாங்க.

கணவன்: அம்மாவ எதுக்கு இழுக்கற? இந்த எடம் அந்தக் காலத்துல துறைமுகம் தெரியுமா, போலேன்னு பேரு. இங்கேர்ந்துதான் எதிர்ல இருக்கற கோசுமெல் தீவுக்கு, இஷ்செல் அம்மன கும்பிட போவாங்களாம். அந்தக் கட்டடம் எல்லாம் இன்னும் உள்ளயே இருக்கு, மொதல்ல அத...

மனைவி: தீவுக்கு எப்படி போனாங்களாம்?

கணவன்: ...துடுப்பு போட்டு.

மனைவி: எதுல?

கணவன்: கடல்லதான். அவங்களுக்கு அது பழக்கம்மா! நீ போய்ட்டு வா, நான் இங்க தூளில படுத்துக்கிட்டு நம்ம பைய பாத்துக்கறேன். ஆமா, பை எங்க?

மனைவி: கவுண்டர்ல குடுத்து பூட்டியாச்சு. ஆறு முடியற எடத்துக்கு அவங்களே கொண்டு போய் வெச்சுருவாங்க. உங்க பர்ஸு, போனு, செருப்பு எல்லாம் அதுலதான்.

கணவன்: செருப்புமா? அதான் அப்பலேர்ந்து காலு சுடுது! சரி, நான் மேலாலயே நடந்து போய் வாங்கிக்கறேன், சாவியக் குடு.

மனைவி: சின்னவன் கழுத்துல மாட்டிட்டேனே.

கணவன்: அவன் எங்க?

(குகைக்குள்ளேர்ந்து, ரொம்ப தூரத்துல: "அப்பாஆஆ! சீக்கிரம் வாங்கப்பாஆஆ!")

கணவன்: ...என் சைஸுக்கு ஜாக்கெட் ரெண்டு குடுப்பாங்களான்னு கேளு.