கீட்டன் கேலி செய்தது சாப்ளினை அல்ல

மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'தி ஃப்ரோசன் நார்த்' குறும்படம், சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' படத்தைக் கிண்டலடித்து எடுத்தது என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. கீட்டன் படம் வந்தது 1922-இல், சாப்ளின் படம் 1925-இல். இன்னும் வராத படத்தை எப்படிக் கிண்டலடிக்க முடியும்? இரண்டிலும் பனி கொட்டிக் கிடப்பதால் வந்த குழப்பமாக இருக்கலாம். இரண்டு படக்குழுவுமே பனிக்காகக் கலிபோர்னியாவின் டிரக்கி பகுதிக்குத்தான் போனார்கள்.

கீட்டன் உண்மையில் குறிவைத்தது, அன்றைய கௌபாய் நட்சத்திரம் வில்லியம் எஸ். ஹார்ட்டை. முரட்டு வீரன் கண் கலங்குவது ஹார்ட்டின் முத்திரை. கீட்டனும் தன் வீடு என்று நினைத்து ஒரு வீட்டுக்குள் நுழைந்து, கண்ணீர் வழிய நின்று, அங்கே கட்டியணைத்திருக்கும் ஜோடியைச் சுடுகிறார். அப்புறம்தான் தெரிகிறது, அது அவர் வீடே இல்லை! அற்புதமான காட்சி அது. ஹார்ட்டுக்கோ கடும் கோபம். கீட்டனோடு வெகுகாலம் பேசவில்லை.