பழைய கேமுக்கு மார்க் போடுகிறவர்கள்

பத்து நாள் முன்பு கான்ட்ராவை, ஓடிக்கொண்டே சுடும் அந்தப் பழைய கேமை, மறுபடி ஆடினேன். தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு இருந்த டிவி கேம் பலருக்கு ஞாபகம் இருக்கும். கேசட் மேல் '9999 இன் 1' என்று அச்சடித்திருப்பான். உள்ளே தேறுவது ஏழெட்டுதான், மிச்சமெல்லாம் அதுவே வேறு பெயரில். எங்கள் வீட்டில் ஓடியது கான்ட்ரா ஒன்றுதான். நீலக் கால்சட்டைக்காரன் அண்ணன், சிவப்பு நான். மூன்றாவது ஸ்டேஜில் அருவி வரும். இரண்டு பேரும் பாறை பாறையாகத் தாவி மேலே போக வேண்டும். ஒருத்தன் முந்தினால் திரை அவனோடு மேலே நகர்ந்துவிடும், கீழே நிற்கிறவன் காலி. அண்ணன் முந்தி ஓடி என்னைச் சாகடித்தான் என்கிற கோபம் முப்பது வருடமாக எனக்குள் பத்திரமாக இருக்கிறது.

என் ஞாபகத்தில் கான்ட்ரா பெரிய கேம். ஒரு முழு ஆண்டு விடுமுறையை விழுங்கிய கேம். இப்போது முப்பது உயிர் தரும் அந்தப் பொத்தான் வரிசையை அழுத்திவிட்டு உட்கார்ந்தால், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எட்டு ஸ்டேஜும் முடிந்துவிட்டது. நாங்கள் செத்துச் செத்து முதலிலிருந்து ஆரம்பித்ததில்தான் அந்த விடுமுறை போயிருக்கிறது.

2024இல் அதன் புது அவதாரமாக 'கான்ட்ரா: ஆபரேஷன் கலூகா' வந்தபோது விமர்சகர்கள் பலர் சொன்ன குறைகளில் ஒன்று, சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பது. 40 டாலர் விலைக்கு அது நியாயமான குறை, மறுக்கவில்லை. ஆனால் "பழைய கான்ட்ரா மாதிரி இல்லையே" என்று நானும் அன்றைக்கு ஒரு நண்பரிடம் அலட்டிக்கொண்டேன். எந்தக் கான்ட்ரா? நான் ஒப்பிட்டது கேசட்டோடு அல்ல, என் ஞாபகத்தோடு.

புத்துயிர் பெற்று வரும் பழைய பாணி கேம்களுக்கு மார்க் போடுகிறவர்களிடம் என் புகார் இதுதான். பழையதை எடுத்து ஒரு தடவை ஆடிப் பார்க்காமல் தீர்ப்பு எழுதுகிறார்கள். ஞாபகத்தில் தங்குவது படமும் பாட்டும்தான். கட்டைவிரல் பொத்தானை விட்டதும் ஆள் எப்படி இறங்கினான் என்பது தங்குவதில்லை. அதனால் பார்க்கப் பழையது மாதிரி இருந்தால் பாராட்டு, இல்லாவிட்டால் கொட்டு.

சோனிக் என்கிற நீல முள்ளெலி ஓடும் பழைய கேமின் தொடர்ச்சியாக 'சோனிக் 4' முதல் பாகம் 2010இல் வந்தது. பக்கவாட்டில் ஓடும் சோனிக் திரும்பிவிட்டான் என்று பலர் சந்தோஷப்பட்டு, மோசமில்லாத மதிப்பெண்ணே கொடுத்தார்கள். பழைய சோனிக்கில் சரிவில் சுருண்டு உருண்டால் வேகம் ஏறும், அந்த வேகத்திலேயே எதிர் மேட்டில் ஏறிவிடலாம். அந்தக் கேமின் உயிரே அதுதான். நான்காம் பாகத்தில் அது போய்விட்டது. அந்தரத்தில் போகும்போது பொத்தானை விட்டால், யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி அப்படியே நின்று கீழே விழுவான். ரசிகர்கள் கத்தோ கத்தென்று கத்தினார்கள். ரசிகன் கத்தினால் யார் கேட்பது, எதற்கெடுத்தாலும் கத்துகிற கூட்டம் என்று பெயர் வாங்கியாயிற்று. கடைசியில் 2017இல் 'சோனிக் மேனியா' வந்தபோதுதான் அவர்கள் சொன்னது விளங்கியது. அதைச் செய்த கிறிஸ்டியன் வைட்ஹெட் ரசிகர் கூட்டத்திலிருந்தே வந்தவர். அந்த உருளலையும் வேகத்தையும் அப்படியே மீட்டுக் கொடுத்தார். ஒரு ஆக்டுக்கு, அதாவது ஒரு கட்டத்துக்கு, பத்து நிமிடம் என்கிற பழைய கெடுபிடியைக்கூட விடவில்லை.

அதே 2017இல் 'கிராஷ் பாண்டிகூட்' மூன்று கேம்களும் புதுப்பித்து ஒன்றாக வந்தன. முதல் கேமில் ஆளாளுக்குப் பள்ளத்தில் விழுந்தார்கள். அந்தக் காலத்து கேம் அப்படித்தான், கஷ்டமாக இருக்கும், வயசாகிவிட்டது என்று விமர்சனங்களில் வந்தது. பழைய பிளேஸ்டேஷனைத் தூசி தட்டி இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆடியவர்கள் வேறு கதை சொன்னார்கள். விளிம்பில் கால் வைத்தால் கிராஷ் வழுக்குகிறான், தாவினால் முன்பைவிடச் சட்டென்று கீழே இறங்குகிறான். சில வாரங்களில் தயாரிப்புத் தரப்பே ஒப்புக்கொண்டது. மூன்று கேமுக்கும் ஒரே அசைவு இருக்கட்டும் என்று மூன்றாவதை அடிப்படையாக எடுத்திருக்கிறார்கள், ஆள் எதில் இடிக்கிறான், எதில் நிற்கிறான் என்று கணக்கிடும் வடிவமும் மாறியிருக்கிறது. புதிதாக வந்த கோளாறுக்கு 1996ஆம் வருடத்து கேம் பழி சுமந்தது. இதைக் கவனித்து எழுதிய விமர்சகர்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் "பழசு, அப்படித்தான்" என்று எழுதிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

சரி, 'யூகா லேலி'க்கு வருவோம். இதுவும் 2017தான், அப்படியொரு வருடம் அது. 'பாஞ்சோ கசூயி' என்கிற பழைய முப்பரிமாண கேமைச் செய்தவர்களில் சிலர் தனியாகப் போய், ரசிகர்களிடம் பணம் திரட்டிச் செய்தது. அதே மாதிரி வேண்டும் என்று கேட்டார்கள், அதே மாதிரி கொடுத்தார்கள். "காலாவதியானது" என்று பலர் எழுதினார்கள். எட்டு பிட் கேம் மாதிரி இருந்தால் அது அழகியல், முதல் தலைமுறை முப்பரிமாணம் மாதிரி இருந்தால் காலாவதி. இந்தக் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை. ஆனால் கேமரா மட்டம்தான். சுவரோரம் போனால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. அதைத் திட்டியது சரி, திட்டிய பிறகு சரிசெய்தும் கொடுத்தார்கள். இதே போல ரசிகர் பணத்தில், பழைய 'மெகா மேன்' பாணியில் வந்த 'மைட்டி நம்பர் 9' வாங்கிய அடியும் முழுக்க நியாயம். முப்பத்தெட்டு லட்சம் டாலருக்கு மேல் திரட்டிவிட்டு அதைக் கொடுத்தால் வேறென்ன செய்வார்கள்?

அந்த மெகா மேன் வரிசையிலேயே, பழைய எட்டு பிட் தோற்றத்தில் 'மெகா மேன் 9' 2008இல் வந்தபோது அதில் ஒரு வேடிக்கை இருந்தது. பழைய நின்டென்டோ பெட்டியில் ஒரே வரிசையில் எட்டு உருவத்துக்கு மேல் வந்தால் படம் மினுக்கும். அது அந்த இயந்திரத்தின் இயலாமை. அதே மினுக்கலை, வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள் என்று அமைப்புகளில் கொடுத்திருந்தார்கள். எழுதியவர்கள் எல்லாரும் இதை ரசித்தார்கள், நானும்தான். ஆனால் அவர்கள் செய்த பெரிய காரியம், பின்னால் வந்த பாகங்களில் சேர்ந்திருந்த சறுக்கலையும், அழுத்திப் பிடித்துச் சுடுவதையும் எடுத்துவிட்டு இரண்டாம் பாகத்து நிலைக்கே போனது. கேம் உண்மையில் பழையதானது அங்கேதான்.

அப்புறம், கஷ்டமாக இருந்தால்தான் அசல் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. கான்ட்ராவில் முப்பது உயிர் தரும் அந்தப் புகழ்பெற்ற பொத்தான் வரிசையைக் கொண்டுவந்தவர், கான்ட்ராவைச் செய்த கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ. காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் இருந்த 'கிரேடியஸ்' என்கிற விண்கல கேமை 1986இல் வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கக்கூட அவரால் ஆட முடியவில்லை, அவ்வளவு கஷ்டம். அதற்காக வைத்துக்கொண்ட குறுக்கு வழி அது. உருவாக்கியவருக்கே அதுதான் கதி.

போன ஞாயிறு அண்ணன் வந்திருந்தார். இரண்டு கன்ட்ரோலர், அதே கான்ட்ரா, அதே நீலம், அதே சிவப்பு. அருவி வந்தது. நான் விறுவிறுவென்று தாவினேன். கீழே நீலக்காரன் திரைக்கு வெளியே போய்ச் செத்தான்.

"அப்பவும் நீதான்டா முந்திக்கிட்டு ஓடுவே," என்றார். "செத்ததுக்கு அப்புறம் என் உயிரையும் எடுத்துக்குவே."

ஒருவனுக்கு உயிர் தீர்ந்தால் மற்றவன் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த வசதி கேமில் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.