கோட்டையில் ஆள் மாறினால் லத்தி வலிக்காதா?

திருப்புவனத்தில் போலீஸ் விசாரணையில் ஒருவர் செத்ததைப் பற்றிய என் பதிவின் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "நீ எப்பப்பா சங்கியான?", அதாவது பாஜக பக்கம் எப்போது போனாய் என்று கேட்ட திமுகக்கார அண்ணனுக்கு அங்கேயே பதில் சொல்லவில்லை. வயதுக்கு மரியாதை. இங்கே சொல்கிறேன்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீசிடம் அடிபட்டுச் செத்தபோது நான் எழுதியது இதுதான்: விசாரணைக்குக் கூட்டிப்போன மனிதன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அன்று எனக்குக் கிடைத்த பட்டம் '200 ரூபாய் உபி', காசு வாங்கி எழுதும் திமுக உடன்பிறப்பு என்று. இந்த அண்ணன் அதைப் பகிர்ந்து, "நெத்தியடி தம்பி" என்றார். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கத்து மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணோம் என்ற புகாருக்காகப் போலீசால் அடித்தே கொல்லப்பட்டார். அதே வரியை மறுபடி எழுதினேன். வரி மாறவில்லை ஐயா, கோட்டையில் ஆள்தான் மாறியிருந்தது.

"முதல்வர் ஸ்டாலின் மன்னிப்புக் கேட்டாரே, சிபிஐக்கு மாற்றினாரே" என்கிறீர்கள். சரி. சாத்தான்குளத்தின்போது முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி மூச்சுத்திணறல், உடல்நலக் குறைவு என்று அறிக்கை விட்டதற்கு இது எவ்வளவோ மேல். அதற்காக நான் கைதட்ட வேண்டுமா? சிஎஸ்கே தோற்றாலும் விசிலடியுங்கள், அது விளையாட்டு. இங்கே செத்திருப்பது ஒரு தாயின் பிள்ளை.

"2026இல் தேர்தல், இப்போது ஏன்?" இந்த ஊரில் எப்போதுதான் தேர்தல் வரவில்லை!

என் பெரியப்பா திமுகவில் கிளைச் செயலாளராக இருந்தவர். நெருக்கடி நிலையில் மிசா சட்டத்தில் உள்ளே போட்டபோது சென்னை மத்தியச் சிறையில் ஸ்டாலின் வாங்கிய அடியையும், அவருக்கு விழுந்த அடியைத் தான் தாங்கி, பிறகு இறந்தே போன திமுகவின் சிட்டிபாபுவையும் பற்றி எனக்குச் சொன்னவர் அவர்தான். சொல்லும்போதே குரல் கம்மிவிடும். போலீஸ் அடி என்றால் எனக்கு வருகிற கோபம் அந்தக் கட்சிக்காரர் வீட்டுத் திண்ணையில் வந்தது. அந்தக் கோபத்துக்குத்தான் இன்று சங்கி என்று பெயர் வைக்கிறீர்கள்.

2002இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் ஆதரித்தது வைகோவின் மதிமுக. பாஜகவோடு கூட்டணி தர்மம். அதே வருடம் அதே பொடாவில் வைகோவை உள்ளே தள்ளினார் ஜெயலலிதா. ஒன்றரை வருடத்துக்கு மேல் வேலூர் சிறை. நம்ம ஆள் கையில் இருக்கும்வரை லத்தி நல்லது என்று நினைப்பவர்கள் அவரிடம் போய்க் கேளுங்கள்.

'நடுநிலை நக்கி' என்று இன்னொரு தம்பி. நான் நடுவில் எங்கே நின்றேன்? அடிபட்டவன் பக்கம் நிற்கிறேன். இரண்டு தடவையும் அங்கேதான் நின்றேன்.

அண்ணா, உங்கள் மகள் கல்யாணத்தில் கடைசிப் பந்திவரை நின்று பரிமாறியவன் நான். என்னைத் தெரியாதா உங்களுக்கு? போன் போட்டு "என்னடா இப்படி எழுதிட்ட" என்று திட்டியிருக்கலாம். நாலு பேர் பார்க்க, எனக்குக் காசு கொடுத்தது யார் என்று கேட்கிறீர்கள்.

ஓட்டு யாருக்கு என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு: அநேகமாக உங்கள் கட்சிக்கே போடுவேன். போட்டுவிட்டு வந்தும் இதையேதான் எழுதுவேன்.