பாட்டி போட்ட குரோஷாவை இரவல் கொடுங்கள்

மதுரைப் பக்கம் யார் வீட்டில் கேட்டாலும் பாட்டி கொக்கி ஊசியால் பின்னிப் போட்ட குரோஷா விரிப்பு ஒன்று இருக்கிறது என்பார்கள். எங்கே என்றால் பீரோவைக் காட்டுவார்கள். செய்தித்தாளில் சுற்றி, நாப்தலின் உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். அதை அழிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடக்கும் பருத்தி நூல் அந்த மடிப்பில்தான் முதலில் அறும். செய்தித்தாள் பட்ட இடம் பழுப்பேறும். குத்தி வைத்த குண்டூசி துருப்பிடித்தால் அந்தக் கறை லேசில் போகாது.

துணி கெடுவதைவிட எனக்குப் பெரிய வருத்தம், அதை யாருக்கும் தர மாட்டேன் என்பது. அந்தக் காலத்தில் எத்தனை பெண்களிடம் டிசைன் புத்தகம் இருந்தது? பக்கத்து வீட்டு மதினியின் தலையணை உறையை ஒரு ராத்திரிக்கு வாங்கி வந்து, கட்டம் எண்ணி, காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டு காலையில் திருப்பிக் கொடுப்பார்கள். எங்கள் அம்மாச்சியின் டீப்பாய் விரிப்பில் இருக்கும் மயிலும் அப்படி வந்ததுதான். அதன் கழுத்தில் ஒரு வரிசையில் மட்டும் ஒரு கட்டம் கூடுதல், அதனால் கொஞ்சம் கோணல். பெரியம்மா வீட்டு மயிலுக்கும் அதே கோணல், சித்தி வீட்டு மயிலுக்கும் அதே கோணல். தப்பையும் சேர்த்துக் கர்மசிரத்தையாக எண்ணியிருக்கிறார்கள்!

இந்தக் கட்டப் பின்னலில் ரகசியம் ஒன்றும் இல்லை. வெற்றுக் கட்டத்துக்கு இரண்டு சங்கிலிக் கண்ணி, ட்ரெபிள் என்கிற நெட்டைக் கண்ணி ஒன்று. நிறைந்த கட்டம் என்றால் அந்தச் சங்கிலிகளுக்குப் பதிலாக இன்னும் இரண்டு ட்ரெபிள். (யூடியூபில் பலர் டபுள் என்பதும் இந்த ட்ரெபிளைத்தான்.) ஒரு கிராஃப் தாள் இருந்தால் போதும், எந்தப் பழைய விரிப்பையும் எழுதி எடுத்துவிடலாம். அதே தாளை வைத்து, கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் கிராஸ் ஸ்டிச்சும் போடலாம். ஆனால் குரோஷாவில் கட்டம் எல்லோர் கைக்கும் சரிசதுரமாக வராது. ஒருவர் கையில் மயில் நெட்டையாகும், இன்னொருவர் கையில் குட்டையாகும்.

நூலுக்கு நமக்கென்ன பஞ்சம்? ஹார்வி மில் ஊர் இது. ஹார்வி மில் என்கிற மதுரா மில்ஸ் 1974இல் கோட்ஸ் என்ற நூல் கம்பெனியோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. ஆங்கர் நூல்கண்டின் லேபிளில் அந்தப் பெயரைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். இன்று கடையில் குரோஷா நூல் கேட்டால் அக்ரிலிக் உல்லனை எடுத்துப் போடுகிறார்கள். கொடைக்கானல் போகும்போது குழந்தைக்கு ஒரு குல்லா பின்ன அது சரி. சித்திரை வெயிலில் அந்த உல்லனில் போட்ட விரிப்பில் கை வைத்துப் பாருங்கள், தெரியும்.

கொடுத்தால் அழுக்காக்கிவிடுவார்கள் என்ற பயம் நியாயம்தான். அப்படியென்றால் போட்டோவாவது கொடுங்கள். கறுப்புத் துணி மேல் விரித்து, நேர் மேலே இருந்து எடுத்தால் ஓட்டையெல்லாம் துல்லியமாக எண்ண வரும். வெள்ளை மேஜையில் வைத்து எடுத்தால் ஒன்றுமே புரியாது. கண்ணாடிச் சட்டம் போட்டு வெயில் படும் சுவரில் மாட்டுகிறவர்களிடம் நான் பேசுவதாக இல்லை.

எங்கள் மயிலின் கட்டத்தாளை இத்துடன் போட்டிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் அன்னமோ, ரோஜாவோ, இரட்டைக் கிளியோ இருந்தால் நீங்களும் போடுங்கள். ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ தலையணை உறை மட்டும் வேண்டாம், அது என்னிடமே நாலு இருக்கிறது.