மாத்திரைக்கு ரெப் உண்டு, நடைக்கு யார் ரெப்?

"டாக்டருங்க எல்லாம் கம்பெனிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டுத்தான் மாத்திரை எழுதுறாங்க" என்று அடிக்கடி ஒரு ஃபார்வர்டு வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. விஷயம் அவ்வளவு சுலபமாக இருந்தால் நாலு பேரைப் பிடித்து உள்ளே தள்ளிச் சரிசெய்துவிடலாமே. பெரும்பாலான டாக்டர்கள் நேர்மையானவர்கள்தான். ஆனால் 'என்னை யாரும் அசைக்க முடியாது' என்று நம்புகிற நேர்மையானவரைத்தான் அசைப்பது சுலபம்.

2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பயிற்சி மருத்துவர்களிடம் கேட்டார்கள், கம்பெனிகளின் விளம்பரமும் அன்பளிப்பும் நீங்கள் மருந்து எழுதுவதைப் பாதிக்கிறதா என்று. இல்லவே இல்லை என்றவர்கள் 61 சதவீதம். சரி, மற்ற டாக்டர்கள்? அவர்களும் பாதிக்கப்படுவதில்லை என்று சொன்னது வெறும் 16 சதவீதம்!

கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுப்பதை வெளியிட வேண்டும் என்று அங்கே 2010இல் சட்டம் வந்தது. அந்தக் கணக்கை வைத்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. கம்பெனி செலவில் ஒரே ஒரு வேளை, அதுவும் சராசரியாக 20 டாலருக்கும் குறைவான சாப்பாடு சாப்பிட்ட டாக்டர்கள்கூட அந்தக் கம்பெனி விளம்பரப்படுத்திய பிராண்டை மற்றவர்களைவிட அதிகமாக எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, தொடர்பை மட்டுமே காட்டியது. இருந்தாலும், பலனில்லாத இடத்தில் எந்தக் கம்பெனி வருஷக்கணக்கில் பணத்தைக் கொட்டும்?

இலவச சாம்பிளையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெப், அதாவது மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி, அவர் பையிலிருந்து வருவது பெரும்பாலும் புதிய, விலை கூடிய பிராண்டுதான். பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கும் மலிவான ஜெனரிக்கை, அதாவது பிராண்டு பெயர் இல்லாமல் வரும் அதே மருந்தை, யாரும் சாம்பிளாகத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. டாக்டர் நல்ல மனதோடுதான் ஒரு அட்டையை எடுத்து நோயாளியிடம் தருகிறார். அட்டை தீர்ந்ததும் அதே பெயரைச் சீட்டில் எழுதுகிறார். அதன்பிறகு மாதாமாதம் நோயாளியின் காசு.

இப்போது மறுபக்கம். சர்க்கரை நோய் வரும் அபாயத்தில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. உணவு மாற்றம், வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி, கொஞ்சம் எடைக்குறைப்பு என்று இருந்தவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். நாள்பட்ட தூக்கமின்மைக்கும் முதலில் மாத்திரை வேண்டாம், அதற்கென்றே இருக்கிற பேச்சுவழிப் பயிற்சியைக் கொடுங்கள் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்கிற மருத்துவர்கள் அமைப்பு 2016இலேயே சொல்லிவிட்டது. ஆனால் இதையெல்லாம் வண்ணப் படங்களோடு டாக்டரின் மேசையில் விரித்துக்காட்ட எந்த ரெப்பும் வருவதில்லை. நடப்பதற்கு ஏது காப்புரிமை? போதாததற்கு, மாத்திரை எழுத அரை நிமிடம் போதும், தூக்கத்தைப் பற்றிப் பேச அரை மணி நேரம் வேண்டும். வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது அந்த அரை மணிக்கு டாக்டர் எங்கே போவார்?

உடனே "அப்படிப் போடு" என்று மாத்திரையையெல்லாம் குப்பையில் கொட்டக் கிளம்பாதீர்கள். முதல் வகை சர்க்கரை நோய்க்காரருக்கு இன்சுலின்தான் உயிர். வலிப்பு, மனச்சோர்வு மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அப்புறம், 'ரசாயனமே இல்லாத' பொடியை யூடியூபில் விற்கிறாரே, அவரும் வியாபாரிதான். அந்தப் பொடிக்கு ஆய்வு எங்கே என்று அவரிடம் யாரும் கேட்பதுகூட இல்லை.

அடுத்த முறை சீட்டை வாங்கும்போது டாக்டரிடமே கேளுங்கள். இந்த மாத்திரை இல்லாமல் கொஞ்ச நாள் முயன்று பார்க்கலாமா, எவ்வளவு நாள் சாப்பிட வேண்டும், எப்போது நிறுத்தலாம், இதே மருந்து ஜெனரிக்கில் கிடைக்குமா? நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். பலரும் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கிறார்கள்.