படிக்கிற பிள்ளையோட மட்டும் சேரு

பெற்றோர் கூட்டத்தில் மார்க்குக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் வரும் கேள்வி, "சார், இவ யார்கூட சேர்றா?" கேட்கிற அம்மாவுக்கே பதில் தெரியும். பக்கத்தில் உட்காரும் பிள்ளையை வேறு பெஞ்சுக்கு மாற்றச் சொல்வதற்கான பீடிகை அது. அந்தப் பிள்ளை என்ன தப்பு செய்தாள் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. காலாண்டில் மார்க் கம்மி. அவ்வளவுதான்.

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறவன் நான். பிளஸ் டூ வந்தாலே போட்டி வந்துவிடும், நட்பு கெட்டுவிடும் என்று ஊரே சொல்கிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. சென்டம் வாங்கியே தீரவேண்டும் என்று படிக்கிற இரண்டு பேர் நல்ல நண்பர்களாக இருந்து பார்த்திருக்கிறேன், நிறையவே பார்த்திருக்கிறேன். சைக்கிள் ஸ்டாண்டில் நின்று ஒருவரையொருவர் ஒன் வேர்ட் கேள்வி கேட்டுக்கொள்வார்கள். ஒருவன் லீவு போட்டால் அன்றைய நோட்ஸ் சாயங்காலத்துக்குள் அவன் வீட்டுக்குப் போய்விடும். இதைக் கெடுப்பதில் பெரிய பங்கு பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பொறியியல் கலந்தாய்வில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட் ஆப். மாநிலம் முழுக்க பிளஸ் டூ எழுதுகிறவர்கள் ஏழரை லட்சத்துக்கு மேல். பொறியியல் தரவரிசைப் பட்டியலில் வருகிறவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். பட்டியலின் நடுப்பகுதியில் அரை மார்க் சறுக்கினால் நூற்றுக்கணக்கானவர்கள் முன்னால் போய்விடுவார்கள். இந்தக் கூட்டத்தில் பக்கத்து பெஞ்ச் தோழி உங்கள் பெண்ணைத் தாண்டிவிட்டால் எத்தனை இடம் இறங்கும்? ஒரே ஒரு இடம். வேதியியலில் தனிப்பெயரோடு வரும் வினைகள் புரியாமல் தேர்வுக்குப் போனால் இறங்குவது அதைவிடப் பல மடங்கு. அந்தத் தோழியோடு உட்கார்ந்தால் அது ஒரு மதிய இடைவேளையில் புரிந்துவிடும். சொல்லிக்கொடுக்கிறவளுக்கும் இதில் நஷ்டம் கிடையாது. ஆல்டிஹைடில் ஆல்பா ஹைட்ரஜன் இருந்தால் ஆல்டால் வினை, இல்லாவிட்டால் கன்னிசாரோ வினை என்று அடுத்தவளுக்கு விளக்கப் போகும்போதுதான், தான் அதை வெறுமனே மனப்பாடம் செய்திருக்கிறோம் என்பதே பல பேருக்குத் தெரியவரும். நான் போர்டில் மூன்று முறை எழுதிப் போட்டும் நடக்காதது அங்கே நடக்கும். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

ஆனால் வகுப்புக்குள் ரேங்க் என்று ஒன்றை வைத்துவிட்டால் இந்தக் கணக்கு கண்ணில் படாது. ஏழரை லட்சம் பேர் மறைந்துபோய் எதிரே ஒரே ஒருத்தி நிற்பாள்.

டெஸ்ட் அன்று காலையில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் ஒரு வசனம் கேட்கும். "நான் ஒண்ணுமே படிக்கலடி." சொல்கிறவள் ராத்திரி ஒரு மணி வரை படித்தவள். கேட்கிறவளுக்கும் அது தெரியும், அவளும் அதையே திருப்பிச் சொல்வாள். எங்கள் ஓய்வறையில் இதைக் கள்ளத்தனம் என்பார்கள். எனக்கு அதில் கோபமே வருவதில்லை. மார்க் குறைந்தால் மானம் போகாமல் இருக்க ஒரு காப்பு, கூடினால் பக்கத்தில் இருப்பவள் மனசு நோகாமல் இருக்க ஒரு மரியாதை. இரண்டு பேருக்கும் தெரிந்தே சொல்லிக்கொள்ளும் பொய்யில் யாரும் ஏமாறுவதில்லையே.

உண்மையான மறைப்பு வேறு இடத்தில் இருக்கிறது. நகரத்தில் ஒரு டெஸ்ட் பேட்ச்சில், அதாவது மாதிரித் தேர்வு மட்டும் வைக்கும் கோச்சிங் வகுப்பில், சேர்ந்திருப்பதை மாதக்கணக்கில் சொல்லாமல் வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்றால் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். ஒரு நாள் அது வெளியே வரும்போது தோழிக்கு வலிப்பது டெஸ்ட் பேட்ச் அல்ல, தன்னிடம் சொல்லவில்லையே என்பதுதான். விசாரித்தால் பெரும்பாலும் வீட்டில் சொல்லிக்கொடுத்ததாக இருக்கும். "வெளில சொல்லாத, கண்ணு பட்டுடும்." பதினாறு வயதுப் பிள்ளைக்கு, கூடப் படிக்கிறவளின் கண்ணைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொடுத்துவிட்டு, அவளுக்கு நல்ல ஃபிரெண்ட்ஸே அமையவில்லை என்று வருத்தப்படுகிறோம்.

பிளஸ் டூவுக்கு முன்பே ஒரு பெரிய வெட்டு விழுந்துவிடுகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து பதினொன்றாம் வகுப்புக்குக் குரூப் கொடுக்கும் நாட்கள். மார்க் அதிகம் என்றால் பயோ மேத்ஸ், அடுத்து கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்கும் கீழே என்றால் காமர்ஸ், எதுவும் இல்லாவிட்டால் தொழிற்கல்வி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அந்த வாரத்தில் மூன்று கட்டடங்களுக்குப் பிரிந்துபோவார்கள். பிரிந்துபோவது பரவாயில்லை, அது படிப்பின் போக்கு. கூடவே ஒரு மேல் கீழும் ஒட்டிக்கொள்வதுதான் பிரச்சினை. கணக்குப்பதிவியலை ஆசைப்பட்டு எடுத்த பையனிடம்கூட "ஏன், மார்க் வரலையா?" என்றுதான் கேட்கிறார்கள். ஜூலை மாதம் முடிவதற்குள் பயோ மேத்ஸ் பிள்ளைகள் தனியாகச் சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. பட்டியலை நோட்டீஸ் போர்டில் மார்க் வரிசையில் ஒட்டிய பிறகு தனியாகச் சொல்லவேண்டியதும் இல்லை.

அதற்குள்ளும் ஒரு வெட்டு. பல தனியார் பள்ளிகளில் காலாண்டு முடிந்ததும் செக்‌ஷனைக் கலைத்து அடுக்குவார்கள். மேலே இருப்பவர்கள் ஏ, தேறுவார்களா என்ற சந்தேகத்தில் இருப்பவர்கள் கடைசி செக்‌ஷன். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பிரபலமான இந்த ஏற்பாட்டைப் பிராய்லர் பள்ளி என்று கிண்டல் செய்துகொண்டே எல்லா ஊரிலும் கொண்டுவந்துவிட்டோம். இதில் பாடம் நடத்துகிறவருக்கு வசதி இருக்கிறது, மறுக்கமாட்டேன். ஒரே மட்டத்தில் இருக்கிற வகுப்புக்கு நடத்துவது சுலபம். ஆனால் சொல்லிக்கொடுக்கக்கூடிய பிள்ளையையும் கேட்டுக்கொள்ளவேண்டிய பிள்ளையையும் வேறு வேறு அறையில் பூட்டிவிட்டு, கடைசி செக்‌ஷனுக்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறோமே, அது எந்தக் கணக்கில் சேர்த்தி?

அரசு மாநில ரேங்க் பட்டியலை 2017இல் நிறுத்தியது. அதற்கு முன் ரிசல்ட் அன்று மாநில முதலிடம் பிடித்த பிள்ளைக்கு அப்பா அம்மா ஸ்வீட் ஊட்டும் படம் எல்லாப் பேப்பரிலும் வரும். அதை நிறுத்தியது நல்ல முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் மாநிலத்தில் ஒழிந்த ரேங்க் தெருமுனை ஃபிளெக்ஸில் உயிரோடு இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வும் 2017-18இல் வந்து, 2025-26இலிருந்து இல்லை என்றாகிவிட்டது. பிள்ளைகளுக்கு மூச்சுவிட ஒரு வருடம் கிடைத்திருக்கிறது. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் பாதியிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கும் பழைய பழக்கம் திரும்ப வந்தால் அந்த மூச்சும் போய்விடும். அந்தப் பழக்கத்தை நிறுத்தத்தான் அந்தத் தேர்வே வந்தது.

மருத்துவ இடத்துக்கான நீட் தேர்வை மறுபடி எழுதும் ரிப்பீட்டர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லாம் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டல் போட்டோ போட்டுக்கொண்டிருக்க, இவர்கள் மறுபடியும் அதே பாடத்தோடு கோச்சிங் சென்டரில். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து முதலில் வெளியேறுவது இவர்கள்தான். "இந்த வருஷமாவது கிடைச்சுடுமா?" என்று கேட்காத நண்பன் ஒருவன் இருந்தால் அந்த வருடத்தைத் தாண்டிவிடுகிறார்கள். அந்த நண்பன் பெரும்பாலும் நீட்டே எழுதாதவனாக, மார்க் கம்மி என்று பிளஸ் டூவில் இவர்கள் வீட்டார் பெஞ்ச் மாற்றச் சொன்ன அதே பிள்ளையாக இருப்பான்.

நட்பென்றால் எல்லாவற்றையும் பொறுத்துப்போகவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வருடம் முழுக்க அடுத்தவன் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிட்டு, தன் நோட்டை ஒரு நாளும் தராத பேர்வழிகள் எல்லா பேட்ச்சிலும் உண்டு. அவர்களைப் பிள்ளைகளே நாசூக்காகக் கழற்றிவிட்டுவிடுவார்கள், நாம் போய் பஞ்சாயத்து பண்ணத் தேவையில்லை. தனியாக உட்கார்ந்தால்தான் படிப்பு ஏறும் என்கிற பிள்ளையும் உண்டு. அவளை விட்டுவிடலாம்.

பெஞ்ச் மாற்றச் சொல்லி வருகிற பெற்றோரிடம் இப்போதெல்லாம் ஒன்றுதான் கேட்கிறேன். அந்தப் பிள்ளையை ஒரு முறையாவது வீட்டுக்குக் கூப்பிட்டு அவளோடு பேசியிருக்கிறீர்களா? பேசிவிட்டு வந்து சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன் என்பேன். பெரும்பாலானவர்கள் அதற்கப்புறம் வருவதில்லை. வந்து, பேசினோம், இருந்தாலும் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றவர்களும் இருக்கிறார்கள். சொன்ன சொல்லுக்காக மாற்றிக் கொடுத்தேன். இப்போது அந்த இரண்டு பேரும் லேபில் ஒரே டேபிளில் நிற்கிறார்கள். அங்கே இடம் ஒதுக்குவது ரோல் நம்பர்படி, அதை நான் மாற்றுவதாக இல்லை.