அந்தக் கார்களை ஓட விடுங்கள்

இங்கிலாந்தில் பழைய பந்தயக் கார்களை மறுபடி ஓட விடும் குட்வுட் ரிவைவல் விழாவில் மூன்று நாள் நின்றுவிட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. காதில் அந்தச் சத்தம் இன்னும் அடங்கவில்லை. எடுத்த படங்களைக் காட்டியபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "உலகத்துலயே முப்பத்துச் சொச்சம்தான் இருக்கிற காரை எதுக்குப்பா பந்தயத்துல விட்டு இடிக்க வைக்கிறாங்க? மியூசியத்துல பத்திரமா வெச்சிருக்கலாமே?" ஃபெராரி 250 ஜிடிஓவைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டார். நேர்மையான கேள்வி. வாயால் பதில் சொல்லத் தொடங்கினால் எனக்கு உணர்ச்சி முந்திக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

பல வருடங்களாக ஃபார்முலா ஒன் தவறாமல் பார்க்கிறவன் நான். தகுதிச் சுற்றில் ஆயிரத்தில் சில பங்கு நொடிக்காக நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். அந்த ஓட்டுநர்களின் திறமையில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்தத் திறமையை நான் கண்ணால் பார்த்ததே இல்லை என்பது இந்த வார இறுதியில்தான் உறைத்தது. ஹெல்மெட்டின் உச்சி தெரியும், அதற்கு மேல் தலையைக் காக்கும் ஹேலோ வளையம் தெரியும். மீதியெல்லாம் திரையில் ஓடும் எண்கள்.

சனிக்கிழமை காலை செயின்ட் மேரிஸ் வளைவில் வேலியோரமாக நின்றேன். முந்தின வளைவான ஃபோர்டுவாட்டரில் வலப்பக்கம் வேகம் குறையாமல் வளைந்து வருகிற கார்கள், அங்கே சரிவில் இறங்கி இடப்பக்கம் திரும்ப வேண்டும். 1950களின் கிராண்ட் ப்ரீ காரான ஒரு மசராட்டி 250எஃப் வந்தது. ஓட்டியவரின் தோள், முழங்கை, இறுகிய தாடை எல்லாமே வெளியே தெரிந்தன. வளைவு வருவதற்கு முன்பே காரைப் பக்கவாட்டில் வழுக்க விட்டார். முன் சக்கரங்கள் ஏறக்குறைய நேராக இருக்க, கார் குறுக்காக, நாலு சக்கரமும் ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போனது. கைகள் ஸ்டீயரிங்கில் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருந்தன. மொத்தம் இரண்டு நொடிதான் இருக்கும். நான் மூச்சே விடவில்லை.

வேடிக்கை காட்டுவதற்காக அவர் அப்படி ஓட்டவில்லை. உள்ளே இழைகளைக் குறுக்கும் மறுக்குமாக அடுக்கிச் செய்த அந்தக் காலத்து கிராஸ்பிளை டயர் ஒல்லியானது. கொஞ்சம் வழுக்கும்போதுதான் அது தன் முழுப் பிடிப்பையும் கொடுக்கும். பிடி விடும்போதும் சட்டென்று கைவிடாது, சொல்லிவிட்டுத்தான் விடும். வரிப்பள்ளமே இல்லாத இன்றைய அகலமான ஸ்லிக் டயரும், காரைத் தரையோடு அமுக்கும் காற்றழுத்தமும் சேர்ந்து தண்டவாளத்தில் போவதுபோலக் காரைக் கொண்டுபோகின்றன. அதில் வழுக்கினால் நேரம் போகும், டயரும் சூடேறிக் கெட்டுப்போகும். 250எஃப்பில் இறக்கை கிடையாது. அந்தக் காரைத் திருப்புவதில் பாதி வேலை ஆக்சிலரேட்டருக்கு. கால் ஒரு இழை அதிகமாக அழுத்தினால் பின்பக்கம் வெளியே நகரும், ஒரு இழை தளர்த்தினால் மூக்கு உள்ளே வரும்.

இதை எந்த மியூசியத்தில் வைக்க முடியும்? உலோகத்தை வைக்கலாம், பெயின்ட்டை வைக்கலாம், பக்கத்தில் ஒரு பலகை எழுதி வைக்கலாம். அந்த ஒரு இழையை எங்கே வைப்பது? அது ஓட்டுகிறவரின் பாதத்தில் இருக்கிறது. கார் ஓடும்வரைதான் அது இருக்கும். வாசிக்க ஆளில்லாமல் பெட்டிக்குள் கிடக்கும் வீணையை வீணை என்று சொல்லலாம், சங்கீதம் என்று சொல்ல முடியுமா?

நான் நின்ற இடத்துக்கு ஒரு கதை உண்டு. குட்வுட் இரண்டாம் உலகப் போரின்போது வெஸ்ட்ஹாம்ப்நெட் என்ற விமானப்படைத் தளம். விமானத் திடலைச் சுற்றிப் போட்ட சாலைதான் பந்தயத் தடமானது. 1948 செப்டம்பர் 18 அன்று முதல் பந்தயம் நடந்தபோது, முந்தின நாள்தான் 19 வயது நிரம்பிய ஸ்டிர்லிங் மாஸ் (பிற்பாடு பிரிட்டனின் புகழ்பெற்ற பந்தய ஓட்டுநர்) 500 சிசி பந்தயத்தில் ஜெயித்தார். அதே தடத்தில், 1962 ஏப்ரல் 23 அன்று, செயின்ட் மேரிஸுக்கு முன்னால் அவருடைய லோட்டஸ் தடத்தை விட்டு விலகி மண் மேட்டில் மோதியது. நொறுங்கிய காருக்குள்ளிருந்து அவரை வெட்டி எடுக்கவே முக்கால் மணி நேரம் போல ஆனது. ஒரு மாதம் நினைவில்லை. உடம்பின் இடப்பக்கம் ஆறு மாதம் செயலிழந்து கிடந்தது.

மறு வருடம் இதே குட்வுட்டில் தனியாக ஒரு காரை ஓட்டிப் பார்த்துவிட்டு ஓய்வை அறிவித்தார். அவர் சொன்ன காரணத்தைத்தான் நான் அந்த வேலியோரம் நினைத்துக்கொண்டே நின்றேன். முன்பெல்லாம் தானாக நடந்த காரியங்களை இப்போது யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்றார். நேரம் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் விட்டுவிட்டார். பிற்பாடு, அவசரப்பட்டுவிட்டோமோ என்றும் வருந்தினார். உடம்பு தானாகச் செய்யும் அந்த அறிவு எவ்வளவு மெல்லியது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்!

தடம் 1966இல் மூடப்பட்டது. கார்களின் வேகம் அந்த இடத்துக்குத் தாங்காது என்று அதன் உரிமையாளரான ரிச்மண்ட் கோமகனே நிறுத்தினார். திறந்து சரியாக 50 வருடம் கழித்து 1998 செப்டம்பரில் ரிவைவல் தொடங்கியது. 1948 முதல் 1966 வரை அங்கே ஓடிய வகைக் கார்கள்தான் முக்கியமாகப் பந்தயத்துக்கு வரும். பார்க்க வருகிறவர்களும் அந்தக் காலத்து உடையில் வருகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு உடையில் கண் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

சரித்திரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 250எஃப் ஓடிய அதே பந்தயத்தில் கூப்பர்களும் ஓடின. இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த குட்டிக் கார்கள். 1958 அர்ஜென்டினா கிராண்ட் ப்ரீயில் மாஸ் அப்படிப்பட்ட ஒரு கூப்பரில் ஜெயித்தார். உலக சாம்பியன்ஷிப்பில் பின்-இன்ஜின் காரின் முதல் வெற்றி அது. 1959இலும் 1960இலும் ஜாக் பிராபம் கூப்பரில் சாம்பியன். 1960 மோன்ஸாவில் ஃபில் ஹில் ஃபெராரியில் ஜெயித்ததோடு முன்-இன்ஜின் கார்களின் கிராண்ட் ப்ரீ வெற்றிக் கணக்கு முடிந்தது. இதையெல்லாம் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். ஏன் அப்படி ஆனது என்று இப்போதுதான் புரிந்தது. நேர்ச்சாலையில் நீண்ட மூக்கோடு முழங்கிக்கொண்டு முன்னால் போன மசராட்டி, வளைவுக்கு அகலமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குள் கூப்பர் பிரேக்கைத் தாமதமாக அழுத்தி, உள்பக்கம் நுழைந்து, திரும்பி முடித்தேவிட்டது. ஒரு யுகம் முடிந்த விதத்தை ஐந்து நிமிடத்தில் கண்ணெதிரே பார்த்தேன்.

அந்தக் காலத்துச் சாதாரணச் சாலைக் கார்கள் ஓடும் செயின்ட் மேரிஸ் டிராஃபி பந்தயத்தைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. ஏழு லிட்டர் ஃபோர்டு கேலக்ஸியின் பின்பக்கத்தில் ஒரு மினி கூப்பர் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரிக்காதவர் யாரும் இருக்க முடியாது. நேர்ச்சாலையில் விட்டதை மினி ஒவ்வொரு வளைவிலும் திருப்பி வாங்கியது.

பந்தயங்களுக்கு இடையே, கார்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் பேடக்கில் சுற்றியதும் எனக்குப் பந்தயம் அளவுக்குப் பெரிதாகப் பட்டது. ஒரு வயதான மெக்கானிக், இன்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் வெபர் கார்புரேட்டரின் வாயில் ரப்பர் குழாயின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாயாக. காற்று இழுக்கும் சத்தம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கும்வரை திருகாணியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அவர் குழாயை அவளிடம் கொடுத்தார். அவள் கேட்டுவிட்டு ஒன்றைச் சுட்டிக்காட்டினாள். அவர் தலையாட்டினார். இன்ஜினைச் சூடாக்க ஒரு ஸ்பார்க் பிளக், பந்தயத்துக்கு வேறு பிளக் என்று கழற்றி மாற்றினார்கள். இன்ஜினுக்கு மசகாக ஊற்றிய ஆமணக்கு எண்ணெய் எரிகிற அந்த இனிப்பான வாடை எங்கிருந்தோ வந்தது. கார் மியூசியத்துக்குப் போயிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அந்தக் குழாயைக் கொடுக்க யாருக்கும் காரணம் இருந்திருக்காது.

இப்போது எனக்குப் பிடிக்காததையும் சொல்கிறேன். ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில் சிலர் பழைய காரை, அது பிறந்தபோது இருந்ததைவிட வேகமாக்கி வைத்திருக்கிறார்கள். வெளித்தோற்றம் அப்படியே இருக்கும். உள்ளே இன்ஜின் பாகங்கள் இன்றைய துல்லியத்தில் செய்தவை, சஸ்பென்ஷன் கணினியில் கணக்குப் போட்டது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ இதற்கென்று அப்பெண்டிக்ஸ் கே என்ற விதித் தொகுப்பையும், ஒவ்வொரு காருக்கும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டையும் வைத்திருக்கிறது. ஆனால் விதிக்கும் அதன் நோக்கத்துக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. விரிசல் விழுந்த பழைய மெக்னீசியம் சக்கரத்தை மாற்றாதே என்று யாரும் சொல்லமாட்டார்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது. பாதுகாப்புக்காக மாற்றுங்கள், நூறு தடவை மாற்றுங்கள். சுற்றுக்கு இரண்டு நொடி மிச்சம் பிடிக்க மாற்றினால், நான் வேலியோரம் நின்று பார்த்தேனே அந்த வழுக்கல், அந்தக் கால் இழை, அதையே அழிக்கிறீர்கள். அப்புறம் அந்தக் கார் ஓடுவதற்கும் மியூசியத்தில் நிற்பதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நண்பரின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஒரே ஒரு கார்தான் மிஞ்சியிருக்கிறது, தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டோடு, கடைசியாக ஓட்டியவரின் கைப்பட்ட ஸ்டீயரிங்கோடு இருக்கிறது என்றால், அதை நானும் ஓட்டச் சொல்லமாட்டேன். அது ஆவணம். ஆனால் அப்படிப்பட்டவை மிகக் குறைவு. இவற்றில் நிறையக் கார்கள் அந்தக் காலத்திலேயே இடித்து, நிமிர்த்தி, இன்ஜின் மாற்றி, மறுவாரம் ஓடியவை. அடிபடுவது அவற்றின் வரலாற்றிலேயே இருக்கிறது.

புகை, எரிபொருள் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2024இல் இந்த விழாவின் எல்லாப் பந்தயங்களும் குறைந்தது 70 விழுக்காடு நிலைத்தகு கூறுகள் கொண்ட எரிபொருளில் ஓடின. அறுபது வருடத்துப் பழைய கார்புரேட்டர்கள் அதைக் குடித்துக்கொண்டு ஓடியிருக்கின்றன. ஓட வேண்டும் என்று நினைத்தால் வழி பிறக்கத்தான் செய்கிறது.

சனிக்கிழமை மாலை ஒரு பச்சைக் கார், வேகத்தைக் குறைக்க வைத்த குறுகிய வளைவான சிக்கேனில் சுவரை உரசி, இடது முன்பக்க அலுமினியத் தகடு கிழிந்து நின்றது. கூட்டத்தில் பலர் தலையில் கை வைத்தார்கள். நானும்தான். இருட்டுகிற நேரத்தில் பேடக் பக்கம் போனேன். மணல் மூட்டையின் மேல் தகட்டை வைத்து ஒருவர் மரச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார். வேகமே இல்லை. இரண்டு தட்டு, கையால் தடவிப் பார்ப்பது, மறுபடி இரண்டு தட்டு. ஞாயிறு பிற்பகல் அந்தக் கார் மற்ற கார்களோடு வரிசையில் வந்து நின்றது. பெயின்ட் அடிக்க நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பச்சை உடம்பில் அந்த ஒரு இடம் மட்டும் வெள்ளிபோல மின்னியது. கொடி அசைந்தது. அது பதினோராவதாக முடித்தது. தட்டியவர் சுவரில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெள்ளித் தகட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.